ராசம்மா பார்க்க வந்த மூச்சுக்குழாய்

“இங்கதான் ஆளுங்க சதையச் சீவி வச்சிருப்பீங்களாமே?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் பதில் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. மைக்ரோடோம் என்கிற சீவும் இயந்திரத்தின் கத்தியிலிருந்து மெழுகு நாடா ஒன்றைத் தூரிகை முனையில் தூக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயச் சருகைவிட மெல்லிசான நாடா அது. அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் போச்சு. மூக்கால் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டாலே பறந்து வந்து நம் தாடையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலில் பாதி நாள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

நாடாவை வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டுவிட்டுத் திரும்பினேன். நாற்பதை ஒட்டிய ஓர் அம்மா நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தோளில் நைலான் பை. வெளியாட்கள் நுழையக் கூடாது என்று ஹிந்தி, ஆங்கிலம், வங்காளம் மூன்றிலும் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தோம். தமிழில் எழுதாதது என் தப்புதான்.

“யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?” என்றேன். அந்தக் காலத்தில் எனக்கு வாய் அதிகம். இப்போது மட்டும் குறைச்சலா என்று என் மகள் கேட்பாள்.

“வெளிய ஒரு பையா இருந்தாரு. ‘அந்தர் ஜாவ்’னாரு. உள்ள போன்னுதானே அர்த்தம்? வந்துட்டேன்.”

சுனாமி வந்து மூன்று வருஷமோ நான்கு வருஷமோ ஆகியிருக்கும். அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு மருத்துவமனையில் நான் திசுப் பரிசோதனைப் பிரிவின் டெக்னீஷியன். நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர்கள் வெட்டியெடுக்கும் துணுக்கை மெழுகில் புதைத்து, சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டித் தருவது என் வேலை. இந்தத் தொடரில் ரத்தப் பரிசோதனைக் கதைகளையே எத்தனை வாரம் எழுதுவீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம் சதைக்கு வந்திருக்கிறேன்.

போட்டோ இல்லாத மனிதர்

அவர் பெயர் ராசம்மா. தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து ராத்திரிக் கப்பலில் வந்திருந்தார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இவரும் இவர் வீட்டுக்காரரும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள்.

“எங்க புள்ளைகளோட அப்பாவப் பாக்கணும்,” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வார்டு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன்.

“வார்டுல இல்ல தங்கச்சி. அவரு செத்துட்டாரு. இங்க இருக்காரு.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அலை வந்த காலையில் கடல் அவரை இழுத்துக்கொண்டு போய், சேற்றையும் மணலையும் குடிக்க வைத்து, ஒரு மரத்தடியில் திருப்பிப் போட்டுவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இருமல் விடவில்லை. மாதக்கணக்கில் இருமினார். போர்ட் பிளேருக்குக் கூட்டிவந்தபோது, மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த நெஞ்சு டாக்டர் ஒருவர் மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டுப் பார்த்து ஒரு துணுக்கு எடுத்தார். அங்கிருந்து கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். போய்ப் பத்து நாளில் முடிந்துவிட்டது. கூடப் போன பங்காளி அங்கேயே தகனம் செய்துவிட்டுத் திரும்பினார். அப்போது ராசம்மா ஹட் பேயில் சுனாமி ஷெல்டராகப் போட்ட தகரக் கொட்டகை ஒன்றில், காய்ச்சலில் கிடந்த சின்ன மகளுடன் இருந்தார்.

“வீடும் போச்சு, பொட்டியும் போச்சு. கல்யாணப் போட்டோ ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போச்சு. எலெக்‌ஷன் கார்டுக்குப் போட்டோ புடிச்ச அன்னிக்கு இவரு தோட்டத்துலேருந்து வரவே இல்ல. எங்கயுமே அவரு படம் இல்ல தங்கச்சி.”

இப்படி யாராவது வந்து நின்றால் என்ன சொல்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

“எங்க ஷெல்டருக்கு வர்ற நர்சம்மா சொன்னாங்க. எடுத்த சதைய ஆஸ்பத்திரி தூக்கிப் போடாதாம், மெழுகுல வச்சிருக்குமாம். அதப் பாத்துட்டுப் போயிடறேன். மொகம் மறந்துக்கிட்டே வருது. கண்ணு ஞாபகம் வருது, மூக்கு ஞாபகம் வருது, ஒண்ணா சேர மாட்டேங்குது.”

என் அப்பா இறந்தபோது நான் கப்பலில் இருந்தேன். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. மூன்று நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அந்தமானில் வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கப்பல் பயணம் இருக்கும். அதனால்தானோ என்னவோ, வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பேரு என்ன?” என்றேன்.

ராசம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த பழைய ஓ.பி. சீட்டை நீட்டினார். வேலுச்சாமி, வயது நாற்பத்திரண்டு. கீழே யாரோ சிவப்பு மையில் எங்கள் லேப் எண்ணைக் குறித்திருந்தார்கள்.

இளஞ்சிவப்பும் ஊதாவும்

இங்கே கொஞ்சம் என் பீற்றலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில் டெக்னீஷியன் படிப்புப் படித்த காலத்தில் எல்லோருக்கும் சிறுநீரகமும் ஈரலும் பிடிக்கும். எனக்கு மூச்சுக்குழாய். ரெக்கார்டு நோட்டில் இளஞ்சிவப்பு, ஊதா என்று இரண்டே கலர் பென்சிலில் அதை வரைய வேண்டும். நான் வரைந்ததை வகுப்பில் சுற்றுக்கு விட்டார்கள். என் வாழ்க்கையில் சுற்றுக்குப் போன ஒரே படைப்பு அதுதான், இந்தத் தொடரைத் தவிர.

அதன் உள்சுவரைப் பார்த்தால் செல்கள் நான்கைந்து வரிசையாக அடுக்கியது போலத் தெரியும். உண்மையில் ஒரே வரிசைதான். எல்லாச் செல்லுக்கும் கால் ஒரே தரையில் இருக்கிறது. சில நெட்டை, சில குட்டை, அவ்வளவுதான். பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்பவர்களை வெளியிலிருந்து பார்ப்பது போல.

நெட்டைச் செல்களின் தலையில் மெல்லிய இழைகள் இருக்கும், நூற்றுக்கணக்கில். உயிரோடு இருக்கும்வரை அவை ஓய்வதில்லை. நாம் தூங்கினாலும், சண்டை போட்டாலும், அவை பாட்டுக்கு ஒரே திசையில் அசைந்து தூசியையும் சளியையும் மேலே, தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுநடுவே கிண்ணம் போன்ற செல்கள். சளியைச் சுரப்பவை அவைதான். அதற்குக் கீழே சுரப்பிகள், அதற்கும் கீழே குழாய் அமுங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் குருத்தெலும்பு. அது மட்டும் சாயத்தில் வெளிர்நீலமாக, தனி அழகோடு நிற்கும்.

குழாய் கிளை பிரிந்து உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகக் குறையும். முதலில் குருத்தெலும்பு போகும், பிறகு சுரப்பி, கிண்ணம், கடைசியில் இழையும் போய்விடும். முடிவில் மிச்சமிருப்பது காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் மட்டும். இதை முதல் தடவை பார்த்த அன்று இவ்வளவு மெல்லிசை நம்பியா நாம் கத்திப் பேசுகிறோம் என்று பயந்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க மெதுவாகப் பேசினேனாம். தோழிகள் இப்போதும் கேலி செய்கிறார்கள்.

நான் செய்த காரியம்

ராசம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். அந்த வருஷத்து ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் பூஞ்சை. அந்த ஊர் ஈரத்தில் கண்ணாடிக்கும் பூஞ்சை பிடிக்கும். வேலுச்சாமியின் எண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து ஸ்லைடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தேன், உடைந்தன. துணுக்கைப் புதைத்த மெழுகு பிளாக்குகளோ அலமாரியிலேயே இல்லை. பூகம்பத்தில் விரிசல் விட்ட சுவரைப் பிற்பாடு இடித்துக் கட்டியபோது பழையவற்றை எல்லாம் ஊருக்குள்ளேயே பத்துபஸ்தி பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்துக்கு மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஹட் பே கப்பல். அதை விட்டால் இரண்டு மூன்று நாள் ஜெட்டியில்தான் கிடக்க வேண்டும்.

“கெடைச்சிருச்சா தங்கச்சி?” என்று ராசம்மா கேட்டார்.

“கெடைச்சிருச்சுக்கா,” என்றேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்லைடு வைத்திருந்தேன். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் காட்டுவதற்காக மதுரையிலிருந்து கொண்டுவந்தது. ஆரோக்கியமான மூச்சுக்குழாய். அதைத்தான் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பெரிய பாவம் செய்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. இந்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது, மனம் ஆறட்டும் என்றுதான் நினைத்தேன். இரக்கத்தோடு கொஞ்சம் திமிரும் சேர்ந்துகொண்டால் என்னென்ன செய்யச் சொல்லும் என்பது எனக்கு அன்று தெரியாது.

ராசம்மா குனிந்தார். “கறுப்பா முடி தெரியுது.”

“அது உங்க கண்ணிமை முடி. கண்ண ரொம்ப ஒட்டாதீங்க. கொஞ்சம் பின்னால வாங்க.”

கொஞ்சம் பின்னால் வந்து பார்த்தார். “ஆத்தாடி” என்று ஒரு சொல் மட்டும் வந்தது. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு வண்ணமாவா இருந்தாரு?”

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஸ்லைடை வைத்தால் என் நாக்கு தானாக ஓட ஆரம்பித்துவிடும். வருஷக்கணக்காக மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பாடம். மேலே இழை பாருங்க, கிண்ணம் பாருங்க, நீலமா இருக்கறது குருத்தெலும்பு என்று ஆரம்பித்து, வழக்கமாக முடிக்கும் இடத்தில் வந்து முடித்தேன்.

“பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இந்த இழையெல்லாம் கொட்டிப்போயிடும்க்கா. வாய்க்குள்ள இருக்கற தோல் மாதிரி தட்டையா ஆயிடும். அப்புறம் சளிய வெளிய தள்ள இருமல் ஒண்ணுதான் வழி. இங்க பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு.”

ராசம்மா நிமிரவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“அவரு பன்னண்டு வயசுலேருந்து பீடி குடிப்பாரு தங்கச்சி. வாயில பீடி இல்லாம நான் பாத்ததே இல்ல. அலையில அடிச்சுட்டுப் போயித் திரும்பி வந்ததும் மொதல்ல கேட்டது பீடிதான்.”

நான் ஸ்டாண்டில் இருந்த ஸ்லைடுகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன்.

“அப்ப இது யாரு?”

பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த ஸ்லைடை வைத்திருக்கிறேன். அது ஒரு ஆள் என்று ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. ஆணா, பெண்ணா, எந்த ஊர், தெரியாது. வெட்கத்தில் கோபம்தான் வந்தது. “இவ்வளவு வருஷம் கழிச்சு வந்து கேட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?” என்று சத்தம் போட்டேன். ராசம்மா ஓ.பி. சீட்டைத் திரும்ப உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, செருப்பை எடுத்துக்கொண்டார்.

“பரவால்ல தங்கச்சி. யாரா இருந்தாலும் அழகாத்தான் இருக்காங்க,” என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போனார்.

திட்டியிருந்தால் அன்று மாலையே மறந்திருப்பேன்.

கரப்பான் தின்ற மெழுகு

எங்கள் டாக்டர் ஒரு வங்காளி அம்மாள். சிரிக்கவே மாட்டார். மறுநாள் அவரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். மெமோ வரும் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பிளாக் டூண்டோ,” என்றார். பிளாக்கைத் தேடு, அவ்வளவுதான்.

டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டுப் பத்துபஸ்திக்குப் போய்விடுவேன். தகரக் கதவு போட்ட ஒற்றை அறை. விமானம் இறங்கும்போதெல்லாம் கதவு கடகடவென்று ஆடும். உள்ளே பழைய கட்டில்கள், சலைன் ஸ்டாண்டுகள், அவற்றுக்கு அடியில் எங்கள் மூட்டைகள். சீனிக் கட்டி அளவுள்ள மெழுகுத் துண்டுகள், ஆயிரக்கணக்கில். பாரஃபின் மெழுகென்றால் கரப்பானுக்கு உயிர். பாதித் துண்டுகளில் பல் போட்டிருந்தது. மூட்டை கட்டியதில் எண் வரிசையும் கலைந்துவிட்டது.

முதல் ஞாயிறு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. என் வீட்டுக்காரர், “இதுக்கு ஓவர்டைம் குடுக்கறாங்களா?” என்று கேட்டார். அன்று குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன்.

எத்தனையாவது ஞாயிறு என்று நினைவில்லை, கிடைத்தது. ஒரு மூலை தின்னப்பட்டிருந்தது. பென்சிலில் எழுதிய எண் மட்டும் அழியாமல் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை மெழுகுக்குள் பழுப்பாக, நொய்யரிசி ஒன்றின் அளவுக்கு ஒரு புள்ளி. வேலுச்சாமி என்ற மனிதர் பூமியில் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அவ்வளவுதான்.

லேபுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கஷ்டமான வேலை. பிளாக்கின் முகத்தைச் சமமாக்க முதலில் கொஞ்சம் சீவித் தள்ள வேண்டும். அதில் கவனம் தப்பினால் நொய்யரிசி முழுவதும் குப்பைக்குப் போய்விடும். அப்படிச் சின்னத் துணுக்குகளை நான் தொலைத்திருக்கிறேன். எல்லா டெக்னீஷியனும் தொலைத்திருப்பான், ஒத்துக்கொள்ள மாட்டான். புதுக் கத்தி போட்டேன். பிளாக்கை ஐஸில் வைத்துக் குளிரவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். டாக்டர் என் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியாது.

நான்கு சீவல் எடுத்தேன். நான்கும் சேர்ந்து ஒரே நாடாவாக வந்தன. தண்ணீரில் மிதக்க விட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். பின்னால் டாக்டரும் விட்டார்.

“டீக் ஹை. ஏக் ஸ்லைட் உஸ்கே லியே. பஸ்,” என்றார். ஒரு ஸ்லைடு அந்த அம்மாவுக்கு, போதும்.

அவரேதான்

ஹட் பே ஷெல்டருக்கு வரும் நர்ஸ் மூலம் சொல்லியனுப்பினேன். நடுவில் மழைக்காலம் வந்துவிட்டது. கடல் அடங்கிக் கப்பல் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு ராசம்மா வந்தார். இந்தத் தடவை கதவுக்கு வெளியிலேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

“அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்க்கா,” என்றேன்.

“தெரியுமே,” என்றார். “காட்டு.”

குனிந்தார். இந்த முறை கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் பாடம் நடத்தவில்லை.

“நீ சொன்ன அந்த இழை முடியே காணோம்.”

“ஆமாக்கா.”

“மொழுக்குன்னு கெடக்கு. கீழ கறுப்பு கறுப்பா என்னது?”

“புகை. உள்ள வர்ற கரியத் தின்னு வச்சுக்கற செல்லு சிலது இருக்கு. அதுங்க தின்ன கரி.”

ராசம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாவி மனுசா. சொன்னனா இல்லயா? கல்யாணமான மறுநாள்லேருந்து சொன்னனா இல்லயா? ‘ரெண்டே ரெண்டு புள்ள, ரெண்டே ரெண்டு பீடி’ன்னு என்கிட்டப் பொய் சத்தியம் பண்ணுனீங்களே. இப்பப் பாத்துட்டேன்ல? எல்லாம் பாத்துட்டேன்ல?”

மைக்ராஸ்கோப்பைப் பார்த்துத்தான் பேசினார். புருஷனைத் திட்டும் பெண்டாட்டியின் குரல்தான் அது. மூன்று நான்கு வருஷமாகத் திட்டுவதற்கு ஆளில்லாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அடுப்பங்கரையில் சாம்பல் தட்டியது, கொசுவலையில் ஓட்டை போட்டது, மூத்தவளின் சடங்கு அன்று பீடி வாங்கப் போய் இரண்டு மணி நேரம் காணாமல் போனது. டாக்டர் உள்ளே வந்தார், பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திட்டித் தீர்ந்த பிறகுதான் ராசம்மா அழுதார்.

“இங்க ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் முடி இருக்கே தங்கச்சி,” என்றார், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது.

நான் பார்த்தேன். ஆமாம், விளிம்பில் மூன்று நான்கு செல்கள் இழையோடு நின்றிருந்தன. நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. புகை கெடுக்காத இடம் என்று சொன்னேன்.

“அப்ப அது எனக்கு முந்தி இருந்தவரு. நான் பாக்காதவரு,” என்றார்.

அந்த ஸ்லைடை அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், விதியாவது ஒன்றாவது. கேட்கவில்லை. பிளாக்கைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தொடாமல், கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் அந்தப் பழுப்புப் புள்ளியைப் பார்த்தார்.

“இத இன்னும் எத்தன தடவ சீவலாம்?”

“நிதானமா சீவினா முப்பது நாப்பது தடவை வரும்க்கா. ஸ்லைடு சாயம் மங்கிடும். அதனால நீங்க வரும்போதெல்லாம் புதுசா ஒண்ணு சீவித் தரேன். எப்ப வேணாலும் வாங்க.” அன்றைக்கு நான் உருகிப்போயிருந்தேன், வானத்தைக் கேட்டிருந்தாலும் சீவித் தந்திருப்பேன்.

ராசம்மா பிளாக்கை என் கையில் திருப்பி வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினார்.

“வேணாம் தங்கச்சி. எனக்காக இனிமே சீவாத. நான் பாத்தது போதும். கொஞ்சூண்டு இருந்தாலும் அவரு முழுசா இருக்கட்டும்.”